ஊசி கூப்பிடும் பக்கம்

ஏழாம் வகுப்பின் சத்தத்தைப் பதினோரு வருடமாக முதுகில் ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் நான். ஐந்தாம் வகுப்பு பாதி வழியில் தூங்கிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு வெட்கம் வந்துவிடும், குசுகுசுவென்று பேசிக்கொள்ளும். ஏழாம் வகுப்பு மட்டும் பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்தால் ஏரி வரைக்கும் ஓயாது. பாட்டு, சண்டை, வாந்தி, யாருடைய தண்ணீர் பாட்டிலையோ யாரோ குடித்துவிட்ட வழக்கு. நான் கண்ணாடியில் பார்த்து முறைப்பேன். என் முறைப்புக்கு இதுவரை ஒரு பிள்ளையும் பயந்ததில்லை.

அந்தச் சத்தத்தை ஒரே வார்த்தையில் அணைக்கத் தெரிந்தவள் ஏரி முகாமில் இருந்தாள். காதக்கா. "வாயைப் பூட்டு, காதைத் திற" என்று வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அவளைவிட ஆறு வயது மூத்தவன். இருந்தாலும் எனக்கும் அவள் அக்காதான்.

முகாம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஏரி, அதன் கரையில் ஒரு காடு, பிள்ளைகள் படுக்க நீளமான ஓட்டுக் கட்டடம், ஒரு சாப்பாட்டுக் கூடம், சமையலறை, அதை ஒட்டி இரண்டு அறை வீடு. பள்ளிக்கூடங்கள் மூன்று நாளைக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கும். மரம், தண்ணீர், பூச்சி, பறவை எல்லாவற்றையும் புத்தகம் இல்லாமல் பார்த்துவிட்டுப் போக வேண்டும். காட்டைச் சுற்றிக் காட்டுவது காதக்கா. சமையல் அவள் வீட்டுக்காரர். அவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். மகள் ஒருத்தி, டவுனில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அந்த இரண்டு அறை வீடு, காடு காட்டுகிறவருக்கு என்று முகாமை நடத்தும் ஆபீஸ் கொடுத்தது. மாஸ்டர் அடிக்கடி சொல்லுவார், "நான் இங்க வீட்டோட மாப்பிள்ளைங்க."

இந்தத் தடவை வந்தது அந்த மகளின் வகுப்பு.

வழி முழுக்க அவள் என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மற்றவர்கள் பாடும்போது பாடவில்லை. பாதி மேடு ஏறியிருப்போம், என் தோளுக்குப் பக்கத்தில் குரல் வந்தது.

"அங்கிள், லைசென்ஸ் குடுக்கும்போது காது டெஸ்ட் பண்ணுவாங்களா?"

"கண்ணைத்தான் பாப்பாங்க. காதையும் சும்மா ஒரு தடவை பாப்பாங்க. ஏம்மா?"

"காது கேக்காதவங்க வண்டி ஓட்டினா தப்பா?"

"தப்பு இல்ல. பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும், அவ்வளவுதான். தெரியாம ஹாரன் அடிச்சுட்டு நம்பி வந்துடுவான் பாரு."

அவள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகள் ஆயிரம் கேட்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

முகாம் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வழக்கம் உண்டு. நான் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். யாரும் எழுந்திருக்கக் கூடாது. மேடு ஏறி வந்த இன்ஜின் ஆறும்போது உள்ளேயிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் வரும். முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. காதக்கா வண்டிக் கதவருகே நின்று, "இன்ஜின் தூங்கப் போகுது. கடைசி டிக் கேட்டதும் இறங்கலாம். அதுவரைக்கும் மூச்சுச் சத்தம்கூட வேண்டாம்" என்பாள். ஆறேழு நிமிடம் ஆகும். முப்பத்திரண்டு பிள்ளைகள் ஒரு இன்ஜின் தூங்குவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கும் அந்த ஆறேழு நிமிடம் பிடிக்கும். பல தடவை நானும் அதோடு சேர்ந்து கண்ணயர்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு மதியமே ஏரியிலிருந்து பனி எழும்பி, வண்டிக் கண்ணாடிவரை வந்திருந்தது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. டிக், டிக் என்று இன்ஜின் சொல்லிக்கொண்டிருந்தது.

"தூங்கிடுச்சு. மெதுவா இறங்குங்க" என்றாள் காதக்கா.

தூங்கவில்லை. எனக்குத் தெரியாதா என் இன்ஜின். இன்னும் டிக் என்றது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அக்கா சொன்னால் சரி என்று எழுந்தார்கள். மகள் மட்டும் எழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் சாவியைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக இறங்கியவள் தன் அம்மாவுக்கு முன்னால் நின்று, "வணக்கம் அக்கா" என்றாள். மூன்று நாளைக்கு அவள் மகள் இல்லை, மாணவி என்று இருவருக்கும் ஒப்பந்தமாம்.

"வாங்க மேடம். உங்க பேரென்ன?"

"சொல்ல மாட்டேன்."

காதக்கா சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனது.

அடுத்தது விசில். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் மாட்டிவிடுவாள். காட்டில் வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று தடவை ஊத வேண்டும். ஒவ்வொருவரையும் முன்னால் கூப்பிட்டு ஊதச் சொல்லிப் பார்ப்பாள். அன்றைக்கு ஒரு குறும்புக்காரப் பெண், ஊதாமலே கன்னத்தை மட்டும் பலூன் மாதிரி உப்பிக் காட்டியது. காதக்கா, "சபாஷ், நல்ல மூச்சு" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினாள். பின்னாலிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அக்காவும் சேர்ந்து விளையாடுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளும் வண்டி அங்கேயே நிற்கும், எனக்குப் போக்கிடம் சமையலறைதான். சும்மா உட்கார்ந்து தின்றால் செரிக்காது என்று மாஸ்டர் ஒரு கூடை உருளைக்கிழங்கை என் முன்னால் தள்ளினார். நான் தோல் சீவ, அவர் வெங்காயம் நறுக்கினார். பெரிய பானையில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கப் பனி.

வெளியே கிளாஸ் டீச்சர் பிள்ளைகளைச் சத்தம் போட்டாள். "செருப்பை வரிசையா வைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? செவிடன் காதுல ஊதின சங்கா போச்சு."

மாஸ்டரின் கத்தி நின்றது. ஒரு விநாடிதான். திரும்பவும் நறுக்க ஆரம்பித்தார்.

நான் கேட்டுவிட்டேன். "மாஸ்டர், அக்காவுக்குக் காது சரியா இருக்கா?"

"வெங்காயம் காரமா இருக்கு இந்தத் தடவை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வெங்காயத்தைக் கேக்கல."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எப்படித் தெரிஞ்சுது?"

"இன்ஜின் தூங்கறதுக்கு முன்னாடி இறங்கச் சொல்லிட்டாங்க. விசிலும் அப்படித்தான்."

"மெல்லிசுச் சத்தம் எதுவும் கேக்கறதில்லங்க. ஒரு வருஷம் ஆகுது. பேச்சு கேக்கும். தவளை கேக்கும். இடி கேக்கும். என் குறட்டை நல்லாவே கேக்குதாம், அதுல ஒரு குறையும் இல்ல. கிச்கிச்னு குருவி கத்தினா கேக்காது, எவ்வளவு ஓங்கி ஊதினாலும் விசில் கேக்காது. டாக்டர் பாத்துட்டு மிஷின் வைக்கணும்னாரு. மாட்டேன்னுட்டா."

"அப்ப காட்டுக்குள்ள எப்படிக் கூட்டிட்டுப் போறாங்க?"

மூலையில் இருந்த தகர வாளியை மாஸ்டர் கண்ணால் காட்டினார். "பசங்களுக்கு எலுமிச்சைத் தண்ணி கொண்டு வர்றேன்னு நான் பின்னாடியே போவேன். எங்கயாவது விசில் கேட்டா வாளியைக் கரண்டியால டம்முனு ஒரு தட்டு. அது கேக்கும் அவளுக்கு. வலப்பக்கம்னா ஒரு தட்டு, இடப்பக்கம்னா ரெண்டு. காதும் காதும் வச்ச மாதிரி ஒரு வருஷம் ஓட்டிட்டோம்."

"போன தடவை சாதம் அடிப்பிடிச்சது அதனாலயா?"

"அன்னிக்கு ஒருத்தன் விளையாட்டுக்கு ஊதிட்டான். திரும்பி வர நேரமாச்சு."

"நல்லா இருக்கு மாஸ்டர். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க சோத்தையும் சேத்து அடிப்பிடிக்க விடறீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆபீசுக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்க. வீடும் அந்த ஆளுக்குத்தான். அதுகூடப் பரவாயில்லைங்க, எங்கயாவது போய்க் கரண்டி பிடிச்சுக்கலாம். அவளைக் காட்டுக்குப் போகாதேன்னு எந்த வாயால சொல்றது?"

பின்பக்கக் கதவு திறந்தது. மகள். எத்தனை நேரமாக நின்றாளோ தெரியவில்லை. அவளுக்குப் பின்னாலேயே, காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு காதக்காவும் வந்தாள். என்னை வைத்துக்கொண்டு பேசுவார்களா என்று எழப் போனேன். "உக்காருங்க அண்ணா, உங்களுக்குத் தெரியாததா" என்றாள் காதக்கா. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்திருந்தது.

"அம்மா, நாளைக்கு மத்தியானம் காட்டுக்குப் போறோம். என் பக்கத்துல உக்காந்திருந்தாளே, என் ஃப்ரெண்டு, அவளுக்கு வீசிங் இருக்கு" என்றாள் மகள். "நடக்க முடியலன்னா நின்னு விசில் ஊதுன்னு டீச்சர் அவளுக்குச் சொல்லியிருக்காங்க. அவ ஊதினா உனக்குக் கேக்குமா?"

"அப்பா வர்றாரு இல்ல."

"அப்பா அடுப்புல பாலை வச்சுட்டு ஓடி வந்திருந்தா?"

"பாலை இறக்கிட்டுத்தான் வருவேன்" என்றார் மாஸ்டர்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

காதக்கா சொம்பை வைத்தாள். "என்னை என்ன பண்ணச் சொல்ற? எனக்கு இதை விட்டா ஒரு வேலையும் தெரியாது. எழுதப்படிக்கத் தெரிஞ்சவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. நான் கத்துக்கிட்டது கேக்கறது ஒண்ணுதான்."

"மிஷின் மாட்டிக்கோ."

"காதக்கா காதுல மிஷினா? பசங்க சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சா நீ செத்தா போயிடுவ?"

"ஏய்" என்றார் மாஸ்டர்.

மகள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நாளன்னைக்கு நாங்க பஸ் ஏறணும். அதுக்குள்ள டீச்சர்கிட்ட நீயே சொல்லு. இல்லைன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்லிடுவியா?"

"சொல்லிடுவேன்."

தாயும் மகளும் ஒரே மாதிரி நின்றார்கள், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பானையில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. யாருமே போகாததால் நான்தான் எழுந்து மூடியை எடுத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. ஏரி எங்கே முடிகிறது, கரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாதித் தூக்கத்தில் நடந்து வந்தன. இது சத்தப்படம் போடுகிற நேரம். ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு தாள், ஒரு பென்சில். தாளின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அதுதான் நாம். பிறகு இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ தாளில் அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம். தண்ணீருக்கு ஒரு வளைவு, காற்றுக்கு ஒரு கோடு, தவளைக்கு ஒரு புள்ளி. எப்படி வேண்டுமானாலும் போடலாம். விதி ஒன்றே ஒன்று.

"கேட்டதை மட்டும் போடுங்க" என்றாள் காதக்கா. "கேக்காததைப் போடாதீங்க. அழகா இருக்கணும்னு போடாதீங்க. பக்கத்துல இருக்கறவ போட்டிருக்கான்னு போடாதீங்க."

எனக்கும் ஒரு தாள் கொடுப்பாள். போன வருடம் பட்ட மரம் ஒன்று மழையில் விழுந்தது. அதைத் துண்டுபோட்டு உட்காருவதற்குக் கட்டைகளாக்கியிருந்தார் மாஸ்டர். ஆளுக்கொரு கட்டை. ஏரியைப் பார்த்தபடி எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தோம்.

அந்த இருபது நிமிடத்தை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் ஒன்றுமே கேட்காது. அப்புறம் நம் மூச்சு கேட்கும். அப்புறம் தண்ணீர் கரையை நக்குவது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. இலையிலிருந்து பனி சொட்டுவது இடத்துக்கு இடம் வேறு சத்தமாக இருந்தது, மண்ணில் ஒன்று, கட்டையில் ஒன்று, என் தொப்பியில் ஒன்று. நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று எனக்கே தெரியவில்லை. தாளில் பார்த்தால் அடையாளங்கள் இருந்தன. நான்தான் போட்டிருக்க வேண்டும்.

அப்போது ஊசி கத்தியது. அது ஒரு பொடிக் குருவி. புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ, முகாமில் அது ஊசிதான். 'சீ' என்று அவ்வளவு மெல்லிசாகக் குத்தும். அது வலது பக்கத்தில், நாணல் புதருக்குள்ளிருந்து கேட்டது. நான் தாளில் வலது பக்கம் ஒரு குத்து வைத்தேன்.

எனக்கு முன்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளும் வலது பக்கம்தான் வைத்தாள். பிறகு கழுத்தை நீட்டி, தள்ளி உட்கார்ந்திருந்த அம்மாவின் தாளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ரப்பரை எடுத்து அழுத்தி அழித்தாள். இடது பக்கத்தில் புதிதாக ஒரு குத்து வைத்தாள். பனிக்குள் நடந்ததால் அதுவும் நான் கனவில் கண்டதாகவே அப்போது தோன்றியது.

நேரம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தாள்களை நடுவில் பரப்பினார்கள். மாஸ்டர் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். கிளாஸ் டீச்சரும் டம்ளரோடு வந்து உட்கார்ந்தாள். காதக்கா எப்போதும் போல் தன் தாளையும் வைத்தாள். அவளுடைய பழைய சத்தப்படங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அதில்தான் ஆசை.

வீசிங் இருக்கிற பெண்தான் முதலில் பார்த்தது. சின்னக் குரல். "அக்கா, ஊசி எங்க எல்லாருக்கும் வலப்பக்கம் இருக்கு. உங்களுக்கு மட்டும் இடப்பக்கம் இருக்கே."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம். இடது பக்கம், தாளின் ஓரத்தில், அழகான ஒரு குத்து.

"அந்தப் பட்ட மரத்துல கத்துச்சு" என்றாள் காதக்கா.

"எந்த மரம்க்கா? அங்க மரமே இல்லையே."

அந்த மரத்தின் மேல்தான் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். வருடக்கணக்காக ஊசி அந்த மரத்துப் பொந்தில்தான் இருந்தது, சுவரில் ஒட்டிய படங்களிலெல்லாம் அந்த இடத்தில்தான் அந்தக் குத்து. கை பழக்கத்தில் போட்டுவிட்டது, வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது. மாஸ்டர் வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தட்டிச் சொல்ல அவரிடமும் அப்போது ஒன்றுமில்லை.

"எனக்கும் இடப்பக்கம்தான் கேட்டுச்சு" என்றது ஒரு குரல்.

மகள் தன் தாளைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க. ரெண்டு ஊசி இருக்கு. இன்னொண்ணு இந்தப் பக்கம் கத்துச்சு. நீங்க யாரும் சரியா கேக்கல."

நேற்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற பெண்ணா இது என்று பார்த்தேன். சொல்லிவிடுவேன் என்றவள் வகுப்பு முழுக்கப் பார்க்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காதக்கா கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினாள். இடது பக்கக் குத்தைப் பார்த்தாள். பிறகு வலது பக்கத்தில் விரலை வைத்துத் தடவினாள். ரப்பர் தேய்த்த இடம் சொரசொரவென்று இருந்திருக்கும். விரல் அங்கேயே நின்றது.

"இதை எதுக்கு அழிச்ச?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு. எந்தப் பக்கம் கேட்டுச்சு உனக்கு?"

"வலப்பக்கம்."

"அப்புறம்?"

"உன் தாளைப் பாத்தேன்மா." ஒப்பந்தம் மறந்துபோயிற்று. அழுகையும் வந்துவிட்டது.

காதக்கா தாளை மடியில் வைத்து நீவினாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்துப் பேசினாள், ஊசியைப் பற்றிப் பாடம் சொல்கிற அதே குரலில். "இவ சரியாத்தான் கேட்டா. எனக்காக மாத்திப் போட்டா. தப்பு இவ மேல இல்ல. கேக்காததைப் போட்டது நான். எனக்கு ஊசி கேக்கல. ஒரு வருஷமா கேக்கல. முன்னாடி எங்க இருந்துச்சோ அங்க போட்டுட்டேன்."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நேற்று கன்னத்தை உப்பிக் காட்டிய பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப விசில்?" என்று கேட்டாள் வீசிங் பெண்.

"அதுவும் கேக்காதும்மா."

கிளாஸ் டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் முப்பத்திரண்டு பிள்ளைக்குப் பொறுப்பு. "என்னங்க இது, இத்தனை பசங்களை நம்பி அனுப்பியிருக்காங்க. இதை நான் மறைக்க முடியாது."

"மறைக்க வேண்டாங்க" என்றாள் காதக்கா. "நானே ஆபீசுக்குப் போன் பண்றேன். இன்னிக்குக் காட்டுக்குள்ள போக வேண்டாம். கரையிலயே பாத்துக்கலாம். மன்னிச்சுக்குங்க."

எழுந்து போனாள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிய போனில் பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மாஸ்டர் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார். திரும்பி வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றாங்களாம். அது கிடக்கட்டும். ஒரு வருஷமா அவ நிமிந்து நடந்து நான் பாக்கல. இப்ப போனை வச்சுட்டு எப்படி நடந்தா பாத்தீங்களா?"

அன்றைக்குச் சமையல் நேரத்துக்கு முடிந்தது. சாதம் உதிரி உதிரியாக இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மூன்றாம் நாள் காலை. பஸ் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கடைசி உட்காரல் உண்டு. அதில் தாள் கிடையாது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வருகிற பக்கம் விரலை நீட்ட வேண்டும். காதக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள், ஆனால் ஓரமாக நின்றாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீசிங் பெண் போய் அவள் கையைப் பிடித்தது. "அக்கா, நீங்க நடுவுல உக்காருங்க. நாங்க கண்ணை மூடிக்கறோம். நீங்க திறந்து வச்சுக்கங்க."

"எதுக்கும்மா?"

"உக்காருங்களேன்."

நடுக் கட்டையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் முப்பத்திரண்டு பிள்ளைகள் கண்ணை மூடின. பனி அவர்களுக்கிடையில் மெதுவாகப் புகுந்து போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாணலுக்குள்ளிருந்து 'சீ' என்றது. வலது பக்கம் ஒரு விரல் நீண்டது. இன்னொன்று. அப்புறம் எல்லா விரலும்.

ஊசி பறந்தது. கத்திக்கொண்டே எங்கள் தலைக்கு மேலே போனது. விரல்கள் கூடவே எழும்பின. வலது பக்கத்திலிருந்து மெல்ல மேலே ஏறி, உச்சிக்கு வந்து, முன்னும் பின்னும் தடுமாறி, இடது பக்கம் சாய்ந்தன. கண்ணை மூடிய பிள்ளைகளுக்கு மற்றவர் விரல் தெரியாது. இருந்தும் முப்பத்திரண்டும் சேர்ந்து போயின, காற்றடித்தால் நாணல் போவது போல. பழைய மரம் நின்ற இடத்தில் குருவி ஒரு விநாடி தாழ்ந்தது. விரல்களும் தாழ்ந்தன. அங்கே உட்கார இடமில்லை என்று கண்டதும் ஏரியைத் தாண்டிப் போய்விட்டது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

காதக்கா பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மகளின் விரல்தான் கடைசியாக மடங்கியது. எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பஸ் ஏறும்போது மகள் எல்லோர் முன்னாலும், "போயிட்டு வரேம்மா. டாக்டர்கிட்ட நாளைக்கே போற நீ" என்றாள். காதக்கா தலையை ஆட்டினாள்.

ஆறு வாரம் கழித்து வேறொரு பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பை ஏற்றிக்கொண்டு போனேன். பனி இல்லை, நல்ல வெயில். மேடு ஏறுகிற வழியெல்லாம் அந்த வீட்டில் யார் இருப்பார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி புதிதாக வந்த இளம்பெண், கழுத்தில் விசில்களோடு. காட்டு நடை இனி அவள் பொறுப்பு. ஓட்டுக் கட்டடத்தின் கோடி அறையே தனக்குப் போதும் என்றுவிட்டாளாம், அதனால் இரண்டு அறை வீட்டை யாரும் காலி செய்யவில்லை. காலையில் ஏரிக்கரையில் உட்கார வைப்பதும், வந்து இறங்குகிற பிள்ளைகளை அடக்குவதும் காதக்காவுக்கே விட்டிருந்தது ஆபீஸ்.

காதக்கா கூந்தலை இறுக்கிப் பின்னிப் போட்டிருந்தாள். காதில் மிஷின் பளிச்சென்று தெரிந்தது.

"எப்படி இருக்குக்கா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"தட்டு கழுவினா யுத்தம் மாதிரி கேக்குது அண்ணா. ஊசியும் கேக்குது. எந்தப் பக்கம்னுதான் தெரியல. அதுக்குப் பசங்க இருக்காங்க."

இன்ஜினை அணைத்தேன். அவள் வண்டிக் கதவருகே போய் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சத்தம் அடங்கியது. டிக், டிக் என்று ஆரம்பித்தது. அது மட்டும் மிஷினுக்கும் எட்டவில்லை போலிருக்கிறது. காதக்கா பிள்ளைகளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

டிக். நான் தலையை ஆட்டவில்லை. அவள் காத்திருந்தாள். டிக் என்று இன்னொன்று. அப்புறம் வெகு நேரம் கழித்து ஒன்று. அதற்குப் பிறகும் நான் கொஞ்சம் பொறுத்தேன், நிச்சயமாகத் தெரிய வேண்டும் இல்லையா. பிறகு தலையை ஆட்டினேன்.

"தூங்கிடுச்சு" என்றாள் காதக்கா. "மெதுவா இறங்குங்க."